என் பெயர் எனக்கே பொருந்தவில்லையாம்

நேற்றோடு மூன்றாவது முறை. துப்பாக்கிக் கடைக்காரர் என் டிரைவிங் லைசென்ஸை இயந்திரத்தில் தேய்த்தார், திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "மறுபடியும் ரிஜெக்ட்" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஆறேழு பேருக்கும் அது கேட்டது. என்ன காரணம் என்று அவருடைய திரையில் வராது. வீட்டுக்குப் போய், அவர் கொடுக்கும் எண்ணைப் போட்டு நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பின்னால் நிற்பவர்களுக்கு அது தெரியுமா? ஜெயிலுக்குப் போய் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்தேன். எதற்காகத் தாழ்த்தினேன் என்று நேற்று இரவு முழுக்க எனக்கு ஆறவே இல்லை.

நான் வாங்கப் போனது என்ன? இருபது கேஜ் என்ற குழல் அளவுள்ள ஷாட்கன் தோட்டா, பத்துப் பெட்டி. என் மகள் பள்ளி ட்ராப் அணியில் இருக்கிறாள். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு, பெட்டிக்கு இருபத்தைந்து தோட்டா. வாரத்துக்கு நாலு சுற்று சுட்டாலே நூறு தோட்டா காலி. எங்கள் ஊர்க் கடைகளில் இருபது கேஜ் பாதி நாள் இருப்பதில்லை, இருந்தால் விலை எட்டாது. அதனால் ஆன்லைனில் வாங்குகிறேன். காசு கொடுத்தாகிவிட்டது, பெட்டியும் வந்துவிட்டது. ஆனால் வந்தது என் வீட்டுக்கு இல்லை, நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும் கடைக்கு.

ஏனென்றால் நான் இருப்பது கலிபோர்னியாவில். 2016-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 63-ஆம் முன்மொழிவின்படி, 2018 ஜனவரியிலிருந்து இங்கே ஆன்லைனில் வாங்கும் தோட்டா நேராக வாசலுக்கு வரக்கூடாது. உரிமம் பெற்ற கடைக்கு வர வேண்டும், அங்கே நேரில் போய் வாங்க வேண்டும். 2019 ஜூலையிலிருந்து ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பின்னணிச் சோதனை வேறு. பக்கத்து நெவாடா மாநிலத்தின் ரீனோவில் இருக்கும் என் நண்பன் இரவு பத்து மணிக்கு ஆர்டர் போடுகிறான், மூன்றாம் நாள் அவன் வீட்டு வாசலில் பெட்டி இருக்கிறது. அவன் வீட்டுக்கு வரவழைத்து நான் காரில் எடுத்து வரலாமே என்றால், அதுவும் குற்றம். வெளிமாநிலத்தில் வாங்கியதையும் இங்கே ஒரு கடை வழியாகத்தான் கொண்டுவர வேண்டும்.

சரி, சட்டம் எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2015 டிசம்பரில் இதே மாநிலத்தின் சான் பெர்னார்டினோவில் பதினான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வேதனை ஆறுவதற்குள் வாக்குக்கு வந்த சட்டம் இது. நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன். கையில் தோட்டா கொடுக்கக்கூடாத ஆளுக்குக் கொடுக்காதே என்றால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். என்னைச் சோதிக்காதே என்று நான் கேட்கவில்லை. ஒழுங்காகச் சோதி என்கிறேன்.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? என் லைசென்ஸில் உள்ள பெயர், பிறந்த தேதி, முகவரி, லைசென்ஸ் எண் எல்லாம் மாநிலத்தின் துப்பாக்கிப் பதிவேட்டில் இருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். அங்கேதான் தமிழனுக்கு இடி. எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. இங்கே வந்ததும் ஒரு அலுவலகத்தில் அப்பா பெயரை முன்னால் போட்டார்கள், இன்னொன்றில் பின்னால் போட்டார்கள். நான் துப்பாக்கி வாங்கிய 2021-இல் லைசென்ஸில் என் பெயர் ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் குடியுரிமை கிடைத்தபோது எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினேன், லைசென்ஸையும் மாற்றினேன். இடையில் வீடும் மாறினேன். பதிவேட்டில் இருப்பதோ பழைய நான். என்னைச் சோதிக்கும் கணினிக்கு நாங்கள் இருவரும் வேறு வேறு ஆள்.

திருத்தம் கேட்டு எழுதி எத்தனையோ வாரம் ஆகிறது. அதுவரை என்ன வழி? பத்தொன்பது டாலர் கட்டினால் இன்னொரு சோதனை உண்டு. போன தடவை கட்டினேன். முடிவு வர ஐந்து நாள் ஆனது, மறுபடி நாற்பது நிமிடம் போக, நாற்பது நிமிடம் வர. அது அந்த ஒரு கொள்முதலுக்குத்தான் செல்லும். அடுத்த பெட்டிக்கு மறுபடியும் பத்தொன்பது டாலர், மறுபடியும் காத்திருப்பு. சாதாரணச் சோதனைக்கு ஒரு டாலராக இருந்த கட்டணம் 2025 ஜூலையில் ஐந்து டாலர் ஆனது. 2024 ஜூலையிலிருந்து பதினோரு சதவீதம் தனி வரி. கடைக்காரர் பெட்டியை வாங்கி வைப்பதற்கு அவருடைய கட்டணம். ஆன்லைனில் மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று நானே தேடுகிறேன்.

இது எனக்கு மட்டும் நடப்பதாக இருந்தால் என் தலையெழுத்து என்று விட்டுவிடுவேன். கிம் ரோட் என்ற துப்பாக்கி சுடும் வீராங்கனை, அடுத்தடுத்து ஆறு ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர், இதே மாநிலத்துக்காரர். அவர் இந்தச் சட்டத்தை எதிர்த்து 2018-இலேயே வழக்குப் போட்டார். அந்த வழக்கின் 2020 தீர்ப்பில் நீதிபதி பெனிட்டஸ் எழுதிய கணக்கு: முதல் ஏழு மாதத்தில் இந்தச் சோதனைக்குப் போனவர்களில் 16.4 சதவீதம் பேர் நிராகரிக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் என்னைப் போலப் பதிவேடு பொருந்தாதவர்கள். அதே நீதிபதியின் 2024 தீர்ப்பிலும் அது பதினோரு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். சட்டம் செல்லாது என்ற அந்த 2024 ஜனவரித் தீர்ப்பு வந்தபோது சில நாட்களுக்கு வீட்டுக்கே அனுப்பலாம் என்று ஆனது. நான் அன்று இரவே ஆர்டர் போட்டேன். பெட்டி கிளம்புவதற்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை கொடுத்துவிட்டது, விற்றவர் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிட்டார். 2025 ஜூலையில் அந்த மேல்முறையீட்டு அமர்வே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று சொன்னது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை, நேற்றும் நான் கவுன்டரில்தான் நின்றேன்.

அந்தரங்கம் என்று யாராவது பேசினால் எனக்கு வயிறு எரிகிறது. நான் எந்தத் தோட்டா, எவ்வளவு, எந்தத் தேதியில் வாங்கினேன் என்பது என் முகவரி, போன் நம்பரோடு மாநிலத்துக்குப் போகிறது. பத்திரமாக வைத்திருப்பார்களா? 2022 ஜூனில் மாநில நீதித்துறையின் இணையதளத்திலிருந்தே, மறைத்துத் துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கேட்ட சுமார் 1,92,000 பேரின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் வெளியே கொட்டியது. வேண்டுமென்று செய்யவில்லை, கவனக்குறைவு என்று விசாரணையில் சொன்னார்கள். யார் வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடும் என்று திருடனுக்கு முகவரி கொடுத்தபின், அது கவனக்குறைவா வேறெதுவா என்பதில் அந்த வீட்டுக்காரருக்கு என்ன ஆறுதல்?

என்னால் தாங்கவே முடியாதது இதுதான். இதே தோட்டாவை ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், வாங்கி, அங்கேயே சுட்டுத் தீர்த்தால் சோதனையே கிடையாது. அதே நான், அதே துப்பாக்கி. இதே மாநிலத்தில் ஒயின் பெட்டி வீட்டு வாசலுக்கு வருகிறது, இருபத்தொரு வயது ஆனவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார். என்னையும் ஆர்டர் போடும்போதே சோதியுங்கள். தேறினால் அனுப்புங்கள், வாசலில் லைசென்ஸைக் காட்டிக் கையெழுத்துப் போடுகிறேன். ஊரார் முன்னால் என்னை நிறுத்தி, என் அப்பா பெயர் முன்னாலா பின்னாலா என்பதற்காக ஏன் விரட்டுகிறீர்கள்?

சனிக்கிழமை மகளுக்குப் போட்டி. ரேஞ்சில் இருபது கேஜ் இருந்தால் அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும். இந்த வாரப் பயிற்சிக்குப் போகவில்லை. "பரவாயில்லைப்பா, நான் வீட்டிலேயே தூக்கிப் பிடித்துப் பழகிக்கொள்கிறேன்" என்று அவள் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. பத்துப் பெட்டியும் கடையின் பின்னறையில் என் பெயரோடுதான் இருக்கின்றன. திங்கட்கிழமையிலிருந்து நாளுக்கு இவ்வளவு என்று வைப்புக் கட்டணம் போடுவதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.