சத்தம் வராத பெட்டி

போன வாரம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய சாமான் கடையில், சந்தா கட்டி சாட்டிலைட் வழியாகக் கேட்ட வேர்ல்ட்ஸ்பேஸ் ரேடியோ ஒன்றைப் பார்த்தேன். பக்கத்திலேயே அந்தத் தட்டை ஆன்டெனா, ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தது. கையில் எடுத்ததுமே கடைக்காரர், "அதுல ஒண்ணும் வராது சார், ஸ்பீக்கர் வேணும்னா எடுத்துக்கங்க" என்றார். வயிறு எரிந்துவிட்டது.

எத்தனை வீடுகளில் அந்த ஆன்டெனாவை ஜன்னல் கட்டையில் வைத்து, கிழக்கும் தென்கிழக்குமாகத் திருப்பித் திருப்பி சிக்னல் பிடித்திருப்பார்கள்! அதில் தமிழுக்கு கேஎல் ரேடியோ என்ற ஸ்டேஷன் இருந்தது. கர்நாடக சங்கீதத்துக்கென்றே இருபத்துநான்கு மணி நேரமும் ஸ்ருதி இருந்தது. ஆலாபனையை நடுவில் வெட்டி நகைக்கடை விளம்பரம் போட மாட்டார்கள். அந்த நிம்மதிக்காகத்தான் ஜனங்கள் வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டினார்கள். ஏ.ஆர்.ரஹ்மானே அதற்கு விளம்பரத் தூதர், அடையாள இசையும் அவர்தான் போட்டுக் கொடுத்தார். நம்பாமல் என்ன செய்வார்கள்?

2008 அக்டோபரில் அமெரிக்காவில் தாய்க் கம்பெனி திவால் மனு போட்டது. அதன் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அப்படியும் இங்கே கேட்டுக்கொண்டிருந்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2009 கிறிஸ்துமஸ் சமயத்தில் அறிவிப்பு வந்தது, டிசம்பர் 31ஆம் தேதியோடு ஒலிபரப்பு நின்றது. மார்கழி சீசன் பாதியில் இருக்கும்போது, சபாவுக்குப் போக முடியாத எத்தனையோ பெரியவர்களுக்குக் கச்சேரி வந்துகொண்டிருந்த பெட்டி அது. அதை எப்படி ஒரு வார அவகாசத்தில் நிறுத்த மனசு வந்தது?

கம்பெனியை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? நம் அரசாங்கமும் இதில் உண்டு. காரில் சாட்டிலைட் ரேடியோ ஒழுங்காகக் கேட்க வேண்டுமானால், கட்டடம் மறைக்கிற நகரங்களில் தரையிலும் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டர் கோபுரங்கள் வேண்டும். அமெரிக்காவில் அப்படி வைத்துத்தான் காருக்குள் கொண்டுபோனார்கள், அதனால்தான் அங்கே பிழைத்தது. இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005லேயே சாட்டிலைட் ரேடியோவுக்குப் பரிந்துரை கொடுத்தது. கொள்கை மட்டும் வந்தபாடில்லை. கடைசிவரை அந்த ரேடியோ ஜன்னல் கட்டையை விட்டு நகரவே இல்லை.

சரி, பிழைத்த இடத்தில் கேட்பவனுக்கு மரியாதை இருக்கிறதா? அமெரிக்காவின் இரண்டு சாட்டிலைட் ரேடியோ கம்பெனிகளான சிரியஸும் எக்ஸ்எம்மும் 2008ல் ஒன்றாகின. அத்தோடு போட்டியே இல்லாமல் போனது. சந்தாவை ரத்து செய்ய அங்கே ஆட்களைப் படுத்திய பாடு சட்டவிரோதம் என்று 2024ல் நியூயார்க் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது காரிலும் ஃபோனை இணைத்துப் பாட்டுக் கேட்கிறார்கள். நாளைக்குக் கணக்கு ஒத்துவரவில்லை என்று சாட்டிலைட்டை நிறுத்தினால், அத்தனை கார்களிலும் இருக்கிற அந்த ரிசீவர் எதற்கு ஆகும்? வேறு யாருடைய ஒலிபரப்பையும் பிடிக்க முடியாதபடிதானே செய்து வைத்திருக்கிறார்கள்?

ஃபோனில் பாட்டுக் கேட்கிற ஆப்பிலும் இதே கதைதான். நான் மாதாமாதம் காசு கட்டுகிற ஒன்றில், பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியலில் பதினோரு பாட்டுகள் சாம்பல் நிறமாகிக் கிடக்கின்றன. தொட்டால் 'இந்தப் பாடல் தற்போது கிடைக்காது'. ஏன், எப்போது திரும்ப வரும் என்று கேட்டு எழுதினால், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வருகிறது. பாட்டு போனாலும் சந்தா மட்டும் ஒரு ரூபாய் குறையவில்லை. எனக்கு உங்கள் நன்றி வேண்டாம் ஐயா, பாட்டு வேண்டும்!

சட்டமாகவே போட்டுத் தொலையுங்கள். மூடுவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். மீதிச் சந்தா, கேட்பவன் மனு போட்டு அலையாமல், கட்டின வழியிலேயே அவன் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். பெட்டியை விற்றவர்கள் அதை வேறு எதற்காவது பயன்படும்படி திறந்துவிட வேண்டும், முடியாவிட்டால் விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ரிச்சி தெருவில் அந்தப் பெட்டியின் பொத்தான்களைப் பார்த்தேன். ஸ்டேஷன் மாற்றுகிற பொத்தானில் மட்டும் எழுத்து முழுக்கத் தேய்ந்திருந்தது.