வாட்ச்மேன் எங்கே குடியிருப்பார்?

போன வாரம் சித்தி பையன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தான். மலைச்சரிவில் வரிசையாக வில்லாக்கள், கீழே ஏரி, நடுவில் கல் பாவிய நடைபாதை. "கார் தேவைப்படாத பசுமைக் குடியிருப்பு, எல்லாமே நடக்கும் தூரத்தில்" என்று போட்டிருந்தது. "அக்கா, நீ கொடைக்கானல்ல வளர்ந்தவ. வாங்கலாமா, சொல்லு" என்று கேட்டான். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அவனைப் போலவே யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

மலையில், ஏரிக்கரையில் வீடே கட்டக் கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை நான். நான் வளர்ந்த ஊரே அப்படி உருவானதுதான். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடையை மறித்துக் கரை போட்டார். இன்று எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிற அந்த நட்சத்திர ஏரி மனிதர்கள் கட்டியது. 1872இல் போட்ட கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதை மலை விளிம்பை ஒட்டிச் சுமார் ஒரு கிலோமீட்டர் போகிறது. அதைப் போட்டவருக்கு மலை புரிந்திருக்கிறது. சரிவில் நேராக ஏறாமல், ஏறக்குறைய ஒரே உயரத்தில் மலையோடு சேர்ந்து வளைந்து போனால் எழுபது வயதுக்காரரும் மூச்சு வாங்காமல் நடக்கலாம்.

எங்கள் வீடு நாயுடுபுரத்தில் இருந்தது. மோட்டார் ரோடு சுற்றிச் சுற்றிப் போகும். குறுக்குப் பாதையில் படியேறினால் பள்ளிக்கூடத்துக்குக் கால் மணி நேரம். அதே பாதையில்தான் பால்காரரும், கேரட் மூட்டை தூக்குகிறவரும், எங்கள் கணக்கு டீச்சரும் வருவார்கள். அந்தப் பாதை யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை. பல வருடம் கழித்துப் போனபோது பாதி வழியில் ஒரு காம்பவுண்டுச் சுவர் எழும்பியிருந்தது. உள்ளே அழகான நடைபாதை, விளக்குக் கம்பம், உட்காரப் பெஞ்சு எல்லாம் இருந்தன, தங்க வருகிறவர்களுக்காக. அம்மாவுக்கு வீட்டு வேலையில் உதவிய அக்கா அங்கேதான் இப்போது வேலை பார்க்கிறார். முன்பு அந்த வழியே நடந்து போனவர், இப்போது ஷேர் ஜீப்புக்குக் காசு கொடுத்துச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் இறங்குகிறார்.

அந்தச் சுவரைப் பார்த்த நாளிலிருந்து 'நடக்கிற ஊர்' என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. யார் நடப்பதற்கு?

மாதேரானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மும்பைக்குப் பக்கத்தில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன மலை ஊர். அங்கேயும் சார்லட் என்று ஒரு ஏரி உண்டு. மோட்டார் வண்டிகள் ஊருக்கு வெளியே தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிட வேண்டும். அதற்குமேல் நடை, குதிரை, இல்லாவிட்டால் அடிவாரத்து ஊரான நேரலிலிருந்து வரும் குட்டி ரயில். 2003இல் மத்திய அரசு அதைச் சுற்றுச்சூழல் கூருணர்வு மண்டலமாக, அதாவது கட்டுமானத்துக்கும் தொழிலுக்கும் கட்டுப்பாடு உள்ள பகுதியாக அறிவித்தது. நான் அங்கே இரண்டு நாள் தங்கியிருக்கிறேன். ஹாரன் சத்தமே இல்லாத ஓர் ஊரில் காலையில் கண் விழிப்பது எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது. செம்மண் பாதையில் குழந்தைகள் தனியாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள். யாரும் அவர்கள் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தவில்லை. இந்தியாவிலும் இது முடியும் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

ஆனால் அதே பாதையில், சாமான்களோடு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தைக் கை ரிக்‌ஷாவில் வைத்து மூன்று பேர் ஏற்றத்தில் இழுத்தும் தள்ளியும் போனதையும் பார்த்தேன். அதிலொருவருக்கு என் அப்பா வயது இருக்கும். சமையல் கேஸ் சிலிண்டரிலிருந்து அரிசி மூட்டைவரை பெரும்பாலும் குதிரை முதுகிலோ மனிதர் தோளிலோதான் ஏறியது. அங்கே மின்ரிக்‌ஷாவை அனுமதிப்பதற்கே பல வருட வழக்கு தேவைப்பட்டது. மனிதரை மனிதர் இழுக்கும் இந்த ரிக்‌ஷாக்களை ஆறு மாதத்துக்குள் ஒழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 ஆகஸ்டில்தான். கார் இல்லாத ஊர் எனக்கும் வேண்டும், மனதார வேண்டும். அந்த அமைதியின் பாரத்தை இன்னொருவர் முதுகில் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் லவாசா. புனேயிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, வரஸ்காவ் அணை நீர்த்தேக்கத்தின் கரையில் கட்ட ஆரம்பித்த தனியார் மலை நகரம். இத்தாலியின் போர்ட்டோஃபினோவை மாதிரியாக வைத்து வரைந்தார்கள். கீழே கடை, மேலே வீடு, நீரை ஒட்டி நடைபாதை. வரைபடத்தைப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. 2010 நவம்பரில், சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவில்லை என்று மத்திய அமைச்சகம் கட்டுமானத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஆனாலும் கடன் ஏறி 2018இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. காரணங்கள் பல சொல்வார்கள். என் பார்வையில் அடிப்படைக் கோளாறு வேறு. வாரக் கடைசியில் வந்து தங்குகிறவருக்காக ஊரைக் கட்டினால் வார நாளில் அங்கே நடக்க ஆள் இருக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் மளிகைக்கடை நிற்காது. மளிகைக்கடை இல்லாத இடத்தில் பால் வாங்கவும் கார்தான் எடுக்க வேண்டும்.

அதனால்தான் சித்தி பையனிடம் கேட்டேன்: அந்த வில்லாக்களுக்கு வாட்ச்மேன் இருப்பார் இல்லையா, அவர் எங்கே குடியிருப்பார்? அங்கே பாத்திரம் கழுவுகிறவர், தோட்டம் பார்க்கிறவர், எலக்ட்ரீஷியன், நர்ஸ் இவர்களுக்கெல்லாம் அந்த வரைபடத்தில் வீடு இருக்கிறதா? அவன் பார்த்துவிட்டு, "இல்லக்கா, கிளப் ஹவுஸ்தான் இருக்கு" என்றான். அப்படியானால் தினமும் காலையில் பத்து ஜீப் ஏறும், சாயங்காலம் பத்து ஜீப் இறங்கும். கார் தேவைப்படாத குடியிருப்பு என்று அதை எப்படிச் சொல்வது?

சரி, மண்ணுக்கும் தண்ணீருக்கும் வருகிறேன். சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மேட்டில் காட்டை அழித்து மனை போட்டுவிட்டுக் கீழே ஏரி தெரிகிறது என்று விற்றால், அந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? உத்தராகண்ட் மலை ஊரான நைனிதாலில் நைனி ஏரிக்கு மேலே சூக்காத்தால், அதாவது வறண்ட ஏரி, என்று ஒரு பள்ளம் உண்டு. பெயருக்கு ஏற்றபடி வருடத்தின் பெரும்பகுதி காய்ந்தே கிடக்கும். வெறும் பள்ளம்தானே என்று அங்கே கட்டடக் கழிவைக் கொட்டினார்கள், வீடும் கட்டினார்கள். ஆனால் மழையில் அதில் தேங்கும் தண்ணீர் பூமிக்கடியில் ஊறி நைனி ஏரிக்குப் போய்ச் சேருகிறது. அதே ஊரில் 1880 செப்டம்பரில் பெருமழையில் சரிவு இடிந்து 151 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலை முழுக்க வடிகால்களை வெட்டினார்கள். மலையில் முதலில் வடிகால், அப்புறம்தான் வீடு. அந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலையில் வயநாட்டைப் பார்த்த நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். அங்கே மண் சரிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் தண்ணீர் வரும் வழியில் வீடு இருந்தால் கதி என்ன என்பதை அந்த இரவு காட்டியது.

மனை பார்க்கப் போகிறவர்கள் மண்ணை வெட்டியிருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஜேசிபியை வைத்து மேல்பக்கம் வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டிச் சமன் செய்திருப்பார்கள். பார்க்கத் தரை போலவே இருக்கும். ஆனால் வீட்டின் பாதி பழைய மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சுவருக்குப் பின்னால் மண் ஊறி, அந்தக் கனமே சுவரைத் தள்ளிவிடும். செப்டிக் டேங்க் எங்கே என்று கேளுங்கள். சரிவில் அது எந்தப் பக்கம் கசிந்தாலும் கடைசியில் போய்ச் சேருவது ஏரிக்குத்தான். "ஹாகா அனுமதி இருக்கு" என்பார்கள், மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கட்டாயம் காகிதத்தை வாங்கிப் பாருங்கள். ஆனால் அந்தக் காகிதம் கீழ்வீட்டுக்காரரின் ஊற்றைப் பார்த்துக்கொள்ளாது.

கொடைக்கானலுக்கு இப்போது இ-பாஸ் இருக்கிறது. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. 2025 கோடையில் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பு வைத்தார்கள். வியாபாரிகளின் கவலை எனக்குப் புரிகிறது, என் உறவினர்களும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். ஆனால் வண்டியை எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. அடைபட்ட குறுக்குப் பாதைகளை அளந்து, மீட்டு, படி கட்டி, விளக்குப் போட்டுப் பொதுவாக்க வேண்டும். இருக்கிற வீடுகளுக்கு நடுவே, வேலை செய்கிறவர்கள் வாடகைக்கு இருக்கக்கூடிய சின்ன வீடுகள் வேண்டும். புதிதாக ஒரு மலையை வெட்டி 'நடக்கிற ஊர்' கட்டுவதைவிட, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஊரை மறுபடி நடக்கவைப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

சித்தி பையனிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஐப்பசி மழையில் ஒரு தடவை அந்த இடத்துக்குப் போகச் சொன்னேன். கீழே பஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்தே ஏற வேண்டும், தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும், கேட்டில் நிற்பவரிடம் அவர் வீடு எங்கே என்று கேட்க வேண்டும். "நீயும் வாக்கா" என்றான். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை போகிறோம்.