'மேடே' சொல்லாத விமானி

விமானிக்கும், தரையிலிருந்து அவருக்கு வழிகாட்டும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் நடுவே வரும் குழப்பத்துக்கு உச்சரிப்பே காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த ஏவியான்கா 52 விமானத்தைப் பாருங்கள். கொலம்பியாவிலிருந்து வந்த அந்த போயிங் 707-ஐ மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடிக்க வைத்தார்கள். துணை விமானி 'முன்னுரிமை' கேட்டார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார். இதில் புரியாத ஆங்கிலம் எது? நெருக்கடி என்று அறிவிக்கும்படி கேப்டன் சொல்லியும், ஆபத்தை அறிவிக்கும் 'எமர்ஜென்சி', 'மேடே' என்ற சொற்கள் மட்டும் துணை விமானியின் வாயில் வரவில்லை. நெடுந்தூரம் பறந்து வரும் எந்த விமானத்திலும் எரிபொருள் குறைவாகத்தானே இருக்கும்? கட்டுப்பாட்டாளரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

முதல் தரையிறக்கம் தவறிய பிறகு நடந்ததுதான் கொடுமை. இன்னும் 15 மைல் சுற்றிவரச் சொல்கிறேன், எரிபொருள் போதுமா என்று கட்டுப்பாட்டாளரே கேட்கிறார். "போதும் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி" என்கிறார் துணை விமானி. (அதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்லத் தயங்கும் நமக்கு இந்தப் பணிவு புதிதல்ல.) சில நிமிடங்களில் நான்கு என்ஜின்களும் அணைந்தன. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விழுந்த இடத்தில் தீப்பிடிக்கவில்லை. எரிவதற்கு டாங்கில் ஒன்றும் மிச்சமில்லை.