சின்னவனுக்குக் கிடைக்குமே, பிறகென்ன?

பிரிட்டன் திரும்பச் சேரப்போகிற எராஸ்மஸ், அதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டம், அதைப் பற்றிப் போன வாரம் நான் போட்ட நாலு வரிக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், நிம்மதியாக இருங்கள். அத்தனை பின்னூட்டங்களிலும் எனக்குச் சுள்ளென்று ஏறியது ஒன்றுதான். எழுதியவர் நல்ல நண்பர், என்னைவிட இளையவர், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: “அண்ணை, 2027இல் திரும்பச் சேருகிறோம்தானே. உங்கள் சின்னவனுக்குக் கிடைக்குமே, பிறகென்ன?”

பிறகென்ன என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

எராஸ்மஸ் திரும்ப வருவதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல விஷயம், வரட்டும். அதை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது போல அறிவிக்கிறார்களே, அதில்தான் கோபம். 2027–28 கல்வியாண்டுக்கு மட்டும் சுமார் 57 கோடி பவுண் கட்டப் போகிறார்கள். 30 சதவீதம் கழிவு வாங்கிவிட்டோம் என்பது பெருமைக்குரிய செய்தியாம். சொந்த மாட்டைக் கட்டையிலிருந்து அவிழ்த்துத் துரத்திவிட்டு, ஆறேழு வருடம் கழித்து அதே மாட்டைச் சந்தையில் விலை பேசி வாங்கிவந்து, எவ்வளவு மலிவாக முடித்தேன் பாருங்கள் என்று ஊரைக் கூட்டிக் காட்டுகிறவனை நாங்கள் என்ன சொல்வோம்? வாங்கு ராசா, வாங்கு. அவிழ்த்துவிட்டது பிழை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாங்கு. எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

அவிழ்த்துவிட்ட கதை மறந்துபோனவர்களுக்கு: 2020 ஜனவரி 8ஆம் தேதி, எராஸ்மஸில் தொடர்ந்து இருப்பதற்கு அரசு பேச்சு நடத்தியே ஆக வேண்டும் என்று, பிரெக்ஸிற் சட்டமூலத்துக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கான சட்டமூலத்துக்கு, ஒரு திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 344க்கு 254 என்று தோற்கடித்தார்கள். அடுத்த கிழமை அப்போதைய பிரதமர் பொரிஸ் ஜோன்சன் அதே சபையில் எழுந்து, எராஸ்மஸுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை என்றார். அதே வருடம் டிசம்பர் 24, நத்தாருக்கு முதல்நாள், ஐரோப்பிய ஒன்றியத்தோடு மீன்பிடிப் பங்கு வரைக்கும் பேசி முடித்து வர்த்தக ஒப்பந்தத்தை அறிவித்த கையோடு, எராஸ்மஸ் செலவு கூடின திட்டம், அதனால் விலகுகிறோம் என்றார். ஆபத்து இல்லை என்று சொல்லி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு அது சாதாரணம்.

பதிலுக்கு டியூரிங் என்று ஒரு திட்டம் வந்தது. இங்கிருந்து போகிறவர்களுக்குக் காசு உண்டு, அங்கிருந்து வருகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. மாறி மாறி ஆள் அனுப்புகிற ஒழுங்கில் ஒரு பக்கத்துக்கு மட்டும் காசு கொடுத்தால், மற்றப் பக்கத்துக்காரன் எத்தனை நாளைக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பான்? வட அயர்லாந்து மாணவர்களை ஐரிஷ் அரசு தன் காசில் எராஸ்மஸுக்கு அனுப்ப முன்வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் எங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டான். வெட்கப்பட்டவர் யாரையும் நான் காணவில்லை.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் மனைவி சொன்னா.

மூத்தவள் பிரெஞ்சு படித்தவள். பாரிஸில் என் அக்கா வீட்டில் ஒவ்வொரு கோடை விடுமுறையும் கழித்து, தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் மரக்கறி வாங்கி, அக்காவின் பிள்ளைகளோடு சண்டை பிடித்து வந்த பிரெஞ்சு. மூன்றாம் வருடம் வெளிநாட்டில் என்று சொல்லித்தான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அவளுடைய முறை வந்தபோது, லியோனில் ஒரு பல்கலைக்கழகத்தோடு இருந்த பழைய ஒழுங்கு இல்லை. வேறு இடம் தேடினார்கள், விசா வேண்டும் என்றார்கள், விசாவுக்கு நேரம் கிடைக்கவில்லை, கடிதத்தில் ஏதோ பிழை. கடைசியில், 90 நாளுக்குள் முடிகிற குறுகிய கற்கை ஒன்று இருக்கிறது, அதற்கு விசா வேண்டாம், மிச்சத்தை இங்கே வீட்டிலிருந்து கணினியில் படிக்கலாம் என்றார்கள். பிரான்சில் ஒரு வருடம் என்பது இப்படித்தான் தேய்ந்தது.

எங்கள் குசினிச் சுவரில் தமிழ்க் கடைக் கலண்டர் ஒன்று தொங்கும், மேலே முருகன், கீழே நல்லநேரம், ராகுகாலம். மகள் போன நாளிலிருந்து மனைவி ஒவ்வொரு இரவும் பாத்திரம் கழுவிவிட்டு வந்து அதில் ஒரு கோடு போடுவா. 90க்கு மேல் ஒரு நாள் நின்றாலும் பிறகு எந்த நாட்டுக்குள்ளும் விடமாட்டார்களாம் என்று யாரோ பயப்படுத்தி வைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, அந்த 90 நாளும் 180 நாளுக்குள் கணக்கு. அவள் பிப்ரவரியில் பெரியம்மா வீட்டுக் கலியாணத்துக்கு மூன்று நாள் போய்வந்திருந்தாள். அந்த மூன்றையும் கழிக்க வேண்டுமா இல்லையா என்று மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்து கூட்டிக் கழித்தோம். பயத்தில் 85ஆம் நாளே திரும்பிவந்துவிட்டாள்.

அதே காலத்தில் அக்காவின் மகன் எராஸ்மஸில் பார்சலோனா போனான். பையில் ஓர் அடையாள அட்டை, கையில் உதவித்தொகை. ஒரு வருடம். அவன் நாள் எண்ணவில்லை. அவன் எங்கே எண்ணப் போகிறான், அவனுக்கு அங்கே இருந்த பெண்பிள்ளை பற்றி அக்கா சொன்ன கதை வேறு.

என் மகளின் கையில் இருந்தது பிரெக்ஸிற்றோடு வந்த நீலக் கடவுச்சீட்டு. இறைமையை மீட்டெடுத்த நீலம். அதைச் செய்கிற ஒப்பந்தம் ஒரு பிரெஞ்சுக் கம்பனிக்கு, செய்தது போலந்தில். நான் பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மை. அதில் லண்டன் சென் பாங்கிராஸ் ரயில் நிலையத்தில் வைத்தே பிரெஞ்சுப் பொலிஸ் முத்திரை குத்துவான். இப்போது முத்திரை போய், 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நாள் எண்ணுவது எனக்குப் புதிது இல்லை. நான் 90களில் இந்தக் கண்டத்தை லொறிக்குள் கிடந்து கடந்தவன். வந்த பிறகு உள்துறை அமைச்சின் கடிதத்துக்காக வருடக்கணக்கில் எண்ணியவன். எண்ணி முடித்துவிட்டேன், என் பிள்ளைகள் எண்ணத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். அந்தக் கலண்டரை மனைவி இன்னும் எறியவில்லை.

சரி. இனி வரப்போகிற பதில்களுக்கு முன்கூட்டியே.

“மக்கள் தீர்ப்பு அண்ணை. 51.9 சதவீதம். நீங்கள் சனநாயகத்தை மதிக்க வேண்டும்.” மதிக்கிறேன். 2016 ஜூன் 23 பிரெக்ஸிற் வாக்கெடுப்பில் வரிசையில் நின்று வாக்குப் போட்டுத் தோற்றேன், அடுத்தநாள் வேலைக்குப் போனேன். ஆனால் அந்த வாக்குச் சீட்டில் எராஸ்மஸ் என்று இருந்ததா? ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத நோர்வே எராஸ்மஸில் இருக்கிறது, துருக்கி இருக்கிறது. விலகு என்று மக்கள் சொன்னது ஒன்று. எங்கே கோடு போடுவது, எதைத் தூக்கி எறிவது என்று ஒவ்வொன்றாக முடிவெடுத்தவர்கள் பெயரும் முகமும் உள்ள ஆட்கள். அவர்கள் ஒவ்வொரு தடவையும் மக்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். அன்றைக்கு என் மகளுக்கு 14 வயது. அவளைக் கேட்காமல் எடுத்த தீர்ப்பு, அவளுடைய வருடத்தைத்தான் தின்றது. சனநாயகம் என்றால் ஒரு தடவை சொன்னதைப் பிறகு ஒருபோதும் பிழை என்று சொல்லக்கூடாது என்பதா? அப்படியென்றால் தேர்தல் எதற்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை?

“ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் என்ன தேவலோகமா? கிரேக்கத்தை என்ன செய்தார்கள்? மத்தியதரைக் கடலில் மூழ்குகிறவர்கள்?” சரி, தேவலோகம் இல்லை. அடுத்தது.

“ஸ்டார்மர்தான் பிரெக்ஸிற் பொருளாதாரத்தைப் பாதித்தது என்று சொல்லிவிட்டாரே, இன்னும் என்ன வேண்டும்?” 2024இல் பிரதமரான ஸ்டார்மர் சொன்னார், கேட்டேன். புயல் பாதித்தது, வெள்ளம் பாதித்தது என்பது போலச் சொன்னார். நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்று அரசின் வரவுசெலவுப் பொறுப்புக்கான அலுவலகமே வருடக்கணக்காகக் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் செய்தது யார்? 2020 டிசம்பர் 30 அன்று ஜோன்சனின் அந்த ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களியுங்கள் என்று தன் கட்சிக்காரருக்குக் கட்டளை போட்டவர் இதே ஸ்டார்மர். எராஸ்மஸ் போய் ஆறு நாள். ஐரோப்பாவோடு ஒற்றைச் சந்தை இல்லை, சுங்க ஒன்றியம் இல்லை, சுதந்திர நடமாட்டம் இல்லை என்று சிவப்புக் கோடு மூன்றை இழுத்துவைத்துக்கொண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டி ஒவ்வொரு சாமானாகக் கேட்டு வாங்கினார். 2025 டிசம்பரில் சுங்க ஒன்றியம் பற்றிய ஒரு பிரேரணை 100க்கு 100 என்று சமநிலையாகி, துணைச் சபாநாயகரின் வாக்கில் அடுத்த படிக்குப் போனது. பெரிதாக ஒன்றும் நடக்கப் போவதில்லை. ஆனால் ஸ்டார்மரின் தொழிற்கட்சிக்காரர் எத்தனை பேர் அன்றைக்குச் சபைப் பக்கமே வராமல் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. வாயில் கொழுக்கட்டை.

போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் ஐரோப்பாவிலிருந்து வரும் உணவுப் பொருளைச் சோதிக்க 2.5 கோடி பவுண் செலவில் ஒரு நிலையம் கட்டினார்கள். சோதனையைத் தள்ளிப்போட்டார்கள், திரும்பத் தள்ளிப்போட்டார்கள். கட்டடம் பெரும்பாலும் சும்மா கிடந்தது. 2025 மே மாதம் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் ஸ்டார்மர், ஐரோப்பிய ஆணைக்குழுத் தலைவர் உர்சுலா வொன் டெர் லெயனோடு கைகுலுக்கிப் பேசிய உணவுப் பொருள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் அது தேவையே இல்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு வெறும் கொட்டிலுக்குக் கதவு போட்ட கதை. அதற்கும் யாரும் பிழை என்று சொல்லவில்லை.

பிழை என்று சொல்லாதவர்களில் என் மச்சானும் ஒருவன். மனைவியின் தம்பி. இதை வாசிப்பான், வாசிக்கட்டும். அவனுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. 2016இல், கிழக்கு ஐரோப்பாக்காரரின் வரவு குறைந்தால் தெற்காசியாவிலிருந்து சமையற்காரரை எடுப்பது லேசாகும் என்று அப்போதைய அமைச்சர் பிரித்தி பட்டேல் பிரசாரம் செய்தார் அல்லவா, அதை நம்பி விலகச் சொல்லி வாக்குப் போட்டான். “அத்தான், அவங்கள் ஒரு விசாவும் இல்லாமல் வாறாங்கள், எங்கட சனத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு சட்டம்?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, இப்போதும் சொல்கிறேன். ஆனால் அவனுக்கு மறுமொழியாகக் கிடைத்தது என்ன? 2025 ஜூலையோடு சமையற்காரர் வேலையே விசாப் பட்டியலிலிருந்து போய்விட்டது. அவன் இப்போது தானே அடுப்படியில் நிற்கிறான், முழங்கால் வீங்கி. கேட்டால், “அவங்கள் பிரெக்ஸிற்றைச் சரியாகச் செய்யேல்லை” என்கிறான். சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று 2016இலிருந்து கேட்கிறேன்.

எங்கள் ஆட்களில் அவன் மட்டும் இல்லை. கோயில் மண்டபத்தில் எத்தனை பேர், கதவு எங்களுக்குத் திறக்கும் என்று நம்பினார்கள்! திறந்தது, உண்மைதான். 2022இல் முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கு விசாவைத் திறந்தார்கள். ஊரில் காணியை அடகு வைத்து, முகவருக்கு லட்சக்கணக்கில் கொடுத்து வந்தார்கள். வந்தவர்களின் தொகையைக் காட்டியே அடுத்த தேர்தலுக்கு ஆட்களைப் பயப்படுத்தினார்கள். பிறகு குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்றார்கள், 2025 ஜூலையில் கதவையே மூடினார்கள். ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிடம் என்று நம்பி வந்தவர்களுக்கு 15 வருடம் என்று 2025 நவம்பரில் யோசனை வைத்தார்கள். ரிஃபோர்ம் கட்சியின் நைஜல் ஃபராஜ் ஒரு படி மேலே போய், நிரந்தர வதிவிடத்தையே ஒழிப்பேன் என்கிறார். அவர் வாயில் பிழை என்ற சொல் வரும் என்று எதிர்பார்க்கிற அளவுக்கு நான் விசரன் இல்லை. ஆனால் பிரெக்ஸிற் தோற்றதன் கோபத்தில் வளர்கிற கட்சிக்கு பிரெக்ஸிற்றைக் கொண்டுவந்தவரே தலைவர் என்றால், இந்த நாட்டுக்கு என்ன பேயடித்திருக்கிறது?

போலந்துக்காரனைப் போகச் சொன்னபோது சும்மா இருந்தோம், சிலர் கைதட்டினோம். இன்றைக்கு அவனுக்கு இங்கேயே இருக்கும் உரிமைக்கு விலகல் ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருக்கிறது. பராமரிப்பு நிலையத்தில் இரவு வேலை செய்கிற எங்கள் பிள்ளைக்கு என்ன காகிதம்?

“அகதியாக வந்து இடம் கொடுத்த நாட்டை இப்படித் திட்டலாமா” என்று ஒருவர் எழுதுவார், ஒவ்வொரு முறையும் எழுதுகிறார். ஐயா, நன்றியாகத்தான் இருக்கிறேன். முப்பது வருடமாக வரி கட்டுகிற ஆள் நான். சொந்த வீட்டுக் கூரை ஒழுகினால் சத்தம் போடுவேன். விருந்தாளி என்று நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு நனைந்திருப்பேன்.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன். நண்பரின் கேள்விக்கு நேரே பதில் சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு 16 வயது. 2027இல் பல்கலைக்கழகம் போவான், கணக்குச் சரியாகத்தான் வருகிறது. எராஸ்மஸ் செய்தி வந்த அன்றைக்கு நானும் ஆசையாகத்தான் போய் அவனிடம் சொன்னேன். அவன் பிரெஞ்சை ஒன்பதாம் வகுப்போடு விட்டுவிட்டது எனக்கு அதுவரை மண்டையில் ஏறவே இல்லை. ஏனடா விட்டாய் என்று கேட்டேன்.

“அக்கா பட்ட பாடு காணும், அப்பா” என்றான், தலையை நிமிர்த்தாமல்.