டிபிஎஸ் நீட்டிப்பு என்றால் புதிதாக வருபவர்களுக்கும் கிடைக்குமா?

டிபிஎஸ் என்பது போர், இயற்கைப் பேரிடர் போன்றவற்றால் பாதுகாப்பாக நாடு திரும்ப முடியாதவர்கள் அமெரிக்காவில் தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கும் பாதுகாப்பு. அமெரிக்கா ஒரு நாட்டுக்கு இதை நீட்டித்தால், அந்நாட்டவர் இப்போது வந்து இறங்கினாலும் விண்ணப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

எல் சால்வடாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001 நிலநடுக்கங்களுக்குப் பிறகு அந்த நாடு டிபிஎஸ் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விண்ணப்பிப்பவர் 2001 பிப்ரவரி 13 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். அதே ஆண்டு மார்ச் 9 முதல் நேரடியாக அங்கேயே இருந்திருக்க வேண்டும் (குறுகிய பயணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு). அதன்பின் எத்தனையோ முறை நீட்டித்தும் இந்தத் தேதிகள் நகரவே இல்லை. நீட்டிப்பு, ஏற்கெனவே பெற்றவர்கள் மறுபதிவு செய்துகொள்ளத்தான். அரசு அந்த நாட்டைப் புதிதாக மறு அறிவிப்பு செய்தால்தான் இந்தத் தேதிகள் பிந்தைய நாளுக்கு மாறும். செய்திகளில் நீட்டிப்பு, மறு அறிவிப்பு இரண்டும் ஒரே மூச்சில் வருவதால்தான் இந்தக் குழப்பம்.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்கக் குடிவரவுத் துறையான யூஎஸ்சிஐஎஸ் தளத்தின் டிபிஎஸ் பக்கத்தில் நாட்டின் பெயரை அழுத்துங்கள். தொடர் வசிப்புத் தேதி, நேரடி இருப்புத் தேதி இரண்டும் தனித்தனியே இருக்கும். அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டர் அறிவிப்பிலும் அதையே பார்க்கலாம். டிபிஎஸ் விண்ணப்பமான ஐ-821 படிவத்தை நிரப்பும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். மனு தள்ளுபடியானால் கட்டிய கட்டணம் திரும்பாது.