பத்து ஜன்னலிலும் ஒரே பாட்டி

குமார்: அக்கா, பஸ் சீட் புரோகிராம் சொதப்புகிறது. ஒரு பாட்டிக்கு முதல் வரிசை ஜன்னல் சீட்டைப் போட்டேன். பத்து வரிசையிலும் ஜன்னல் சீட் நிரம்பிவிட்டது.

செல்வி: பாட்டிக்குக் காற்று வேண்டுமாம், விடு.

குமார்: விளையாடாதீர்கள் அக்கா!

செல்வி: சரி, பைத்தான் மொழியில்தானே எழுதினாய்? பஸ்ஸை எப்படிக் கட்டினாய்?

குமார்: [[0]*4]*10. பூஜ்யம் என்றால் காலி சீட். நாலு சீட் வரிசையைப் பத்தால் பெருக்கினேன். நாற்பது சீட். கணக்கு சரிதானே?

செல்வி: கணக்கு சரி. பஸ்ஸில்தான் நாலே சீட் இருக்கிறது.

குமார்: என்னது?

செல்வி: நீ கட்டியது ஒரே வரிசை. வெளி லிஸ்ட்டின், அதாவது வெளிப் பட்டியலின், பத்து இடமும் அதையே கைகாட்டுகின்றன. பெருக்கல் குறி உள்ளே இருப்பதைக் காப்பி எடுக்காது. அது இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸைத்தான் பத்து முறை எழுதி வைக்கும். நம்பாவிட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் அதன் அடையாள எண்ணைச் சொல்லும் ஐடி ஃபங்ஷன் போட்டுப் பார்.

குமார்: (தட்டிப் பார்த்து) அடப்பாவமே, பத்துக்கும் ஒரே நம்பர்! உள்ளேயும்தான் [0]*4 என்று பெருக்கியிருக்கிறேன். அந்த நாலும் ஏன் சேர்ந்து நிரம்பவில்லை?

செல்வி: நல்ல கேள்வி. நாலு இடமும் ஒரே பூஜ்யத்தைத்தான் காட்டும். ஆனால் பூஜ்யத்தை யாராலும் திருத்த முடியாது. ஓர் இடத்தில் 1 வைத்தால் அந்த இடம் மட்டும் மாறும். பக்கத்துச் சீட்டுக்கு அது தெரியவே தெரியாது. வரிசை அப்படியில்லை, லிஸ்ட்டுக்கு உள்ளேயே போய்த் திருத்தினாய்.

குமார்: காலேஜில் படித்த சி பிளஸ் பிளஸ் மொழியின் வெக்டர் பட்டியலில் இந்த வம்பே இல்லையே.

செல்வி: அது மதிப்பையே காப்பி எடுத்து வைக்கும். இங்கே லூப் போட்டு லிஸ்ட்டைக் கட்டும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் எழுது. ஒவ்வொரு சுற்றிலும் புது வரிசை பிறக்கும்.

குமார்: (எழுதி) பாட்டி ஒரே ஜன்னலில் அடங்கிவிட்டார்! எதற்கும் காப்பி மெத்தட் போட்டு ஒரு பேக்கப் எடுத்து வைக்கிறேன்.

செல்வி: அது மேலோட்டமான காப்பி. வெளி லிஸ்ட் மட்டும் புதுசு, வரிசைகள் பழைய பஸ்ஸுடையவை. இங்கே ஒருவர் ஏறினால் பேக்கப்பிலும் ஏறிவிடுவார்.

குமார்: ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு பஸ்ஸா? ஓனர் என்னைத் தொலைத்துவிடுவார்!

செல்வி: டீப்காப்பி போடு. உள்வரிசை வரை தனித்தனியாகிவிடும்.

குமார்: போட்டாயிற்று. (போனில் பேசிவிட்டு) அக்கா, பாட்டி டிக்கெட்டைக் கேன்சல் செய்கிறாராம்.

செல்வி: செய்துவிடு.

குமார்: செய்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார். பேக்கப்பில் இன்னும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாரே?

செல்வி: அது வேற பாட்டி.