மெலிவு அல்ல, தெளிவு

பழைய இசைக்கருவிகளில் பதிவான, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசை மெலிந்து ஒலிக்கிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இசை நடத்துநர்கள் லியோன்ஹார்ட்டும் ஹார்னோன்கூரும் பகிர்ந்துகொண்டு பதிவுசெய்த, பாக்கின் கான்டாட்டா (குரல்களும் கருவிகளும் சேர்ந்த பாடல் தொகுதி) வரிசை 1971இல் வெளிவரத் தொடங்கியது. அதில் 106ஆம் எண் கான்டாட்டாவை இரவில் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கீழே இரண்டு காம்பாக்களின் (வில்லால் இசைக்கும் பழைய தந்திக் கருவிகள்) ஆட்டுக்குடல் தந்திகள் நாடித்துடிப்பு போல் நகர்கின்றன. மேலே இரண்டு மரக்குழல்கள் ஒரே சுரத்தில் இணைகின்றன. ஒன்று ஓயும்போது மற்றது தொடர்கிறது. எஃகுத் தந்திகளும் பெரிய குழுவும் இருந்தால் இந்த இழை காதில் விழவே விழாது. உச்சக்குரலைப் பெரும்பாலும் சிறுவர்கள் பாடுவதால் அந்த வரிசையில் ஆங்காங்கே சுருதி தடுமாறுவது உண்மைதான். ஆனால் அவர்கள் மூச்சு வாங்கும் ஒலியும் எனக்கு வேண்டும். பாக் பணியாற்றிய லைப்ஸிக் நகரில் அவருக்குக் கிடைத்தவர்களும் பள்ளிச் சிறுவர்கள்தாமே!